காலி என்று ஒரு படம்

எனக்குப் படம் வரையத் தெரியாது. கோலம் போட்டால்கூடக் கோணல்தான். ஆனால் அடுத்தவர் வரைந்த படத்தைப் பற்றி மூச்சு விடாமல் பேசச் சொன்னால் பேசுவேன். அதற்குத்தான் புனேயில் ஒரு கல்லூரி எனக்குச் சம்பளம் தருகிறது. நவீன ஓவியத்தை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது, எந்தக் கோட்பாடு எந்தப் படத்துக்குக் கதவைத் திறக்கும், விமர்சனம் எங்கே முடிந்து வெறும் அபிப்பிராயம் எங்கே ஆரம்பிக்கிறது என்று வருடா வருடம் புதுப் பிள்ளைகளிடம் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதல் வகுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவேன். ஓவியர் மனதில் என்ன நினைத்தார் என்று கேட்காதீர்கள், அவர் நினைத்தது அவரோடு. நம் முன்னால் இருப்பது படம் மட்டும்தான். உடனே யாராவது ஒரு பிள்ளை, "அப்போ நாங்க என்ன வேணாலும் சொல்லலாமா மேடம்?" என்று கேட்கும். தாராளமாகச் சொல்லலாம், ஆனால் சொல்வது எதுவானாலும் அது படத்தில் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும் என்பேன். இந்த விரல் சமாசாரத்தை எல்லோரும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும்.

வீட்டில் இந்தப் பெருமைக்கெல்லாம் மதிப்பில்லை. மழைக்காலத்தில் எங்கள் ஔந்த் வீட்டுச் சுவரில் ஈரம் படர்ந்தால் என் கணவர் கூப்பிடுவார். "ஏ, இங்க வா. புதுசா ஒரு படம் வந்திருக்கு. இது எந்த இயக்கம்னு சொல்லு பாப்போம்." அவர் கட்கி பக்கத்துத் தமிழர். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பம், ஆனால் இவர் பிறந்து வளர்ந்தது எல்லாம் போபோடியில், ஒற்றை அறைகள் வரிசையாக இருக்கும் மாடிக் குடியிருப்பான ஒரு சால் வீட்டில்தான். தமிழை வீட்டுக்குள் பேசுவார், வாசல் தாண்டினால் மராத்தி. நான் கோயம்புத்தூரிலிருந்து கல்யாணம் ஆகி வந்தவள். என் மராத்தி இன்றுவரை காய்கறிக் கடையைத் தாண்டவில்லை.

கதை அவர் அக்காவைப் பற்றியது. அவர்கள் வழக்கப்படி நான் மைனி என்று கூப்பிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளியில் ஜியாக்ரபி டீச்சர். இடது காலைக் கொஞ்சம் சாய்த்து நடப்பார். வாய் மட்டும் நேராகப் போகும், எதிரே யார் நின்றாலும் விலகாது. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "ஏட்டி கோயம்புத்தூர்" என்றுதான் கூப்பிடுவார். அவர் படம் வரைகிறார் என்பதே ரொம்ப நாள் எங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் அவர் வீட்டுக்குப் போகும்போது, கேன்வாஸ்களைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்து மேலே துணி போட்டிருப்பார். தம்பி கேட்டால், "பழைய சாமான்ல, உனக்கு எதுக்கு?" என்று அடக்கிவிடுவார்.

அப்படி மறைத்து வைத்ததை ஒரு நாள் அவரே வெளியே எடுத்தார். ஔந்தில் ஒரு சின்னக் கேலரி அவர் படங்களை மாட்ட ஒப்புக்கொண்டது. கண்காட்சிக்கான கேட்டலாக் புத்தகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். மைனி எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "ஏட்டி, நீதான எழுதணும். வெளியாளுட்ட நான் போக மாட்டேன். எல்லாப் படத்துக்கும் ஒரே பேருதான், காலி. காலி ஒண்ணு, காலி ரெண்டுன்னு போட்டுக்க." கூடவே போனில் எடுத்த புகைப்படங்கள்.

திறந்து பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது. ஒவ்வொரு படத்திலும் மேலிருந்து ஏறக்குறைய அடிவரை ஒரே சாம்பல் நிறம். அடியில் கட்டையாக ஒரு பழுப்புப் பட்டை. சாம்பலுக்கு நடுவே எங்கேயோ, ஒன்றில் ஓரமாக, ஒன்றில் உச்சியில், மிளகாய் வற்றல் நுனி அளவுக்கு ஒரு சிவப்பு. அந்தச் சிவப்பிலிருந்து ஒரு கறுப்பு இழை சாய்ந்து இறங்கியது. அவ்வளவுதான். தலைப்பு வேறு, காலி. வீடு காலி, சிலிண்டர் காலி, பர்ஸ் காலி, ஆளே காலி. தமிழில் இதைவிட இரக்கமில்லாத சொல் எது?

எழுதித் தள்ளினேன். பழுப்புப் பட்டை பூமி, மேலே இருப்பது யாருமற்ற வானம், அதில் ஒரு துளிக் காயம், காயத்திலிருந்து வழியும் இழை. தனியாக வாழும் ஒரு பெண்ணின் வீட்டில் உறைந்துபோன வெறுமை. யாரும் வந்து தட்டாத கதவு. பெண்ணியக் கோட்பாட்டிலிருந்து கொஞ்சம், வடிவவாதத்திலிருந்து கொஞ்சம், இல்லாமையைப் பற்றிய தத்துவங்களிலிருந்து கை நிறைய. தலைப்பாக 'எம்ப்டி' என்று ஒற்றைச் சொல் போட்டேன். கேலரி நடத்தும் அம்மாள் போன் செய்து பாராட்டினார். மைனியும், "மூணு தரம் படிச்சேன்ட்டி. நல்லா எழுதியிருக்க" என்றார். நான் தரையில் நடக்கவில்லை.

புத்தகம் அச்சாகி வந்த அன்று என் கணவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதைப் படித்தார். அதில் படங்கள் தபால்தலை மாதிரி சின்னதாகத்தான் இருந்தன. சிவப்பு கண்ணுக்கே தெரியவில்லை. அதனால் அவர் படித்தது என் கட்டுரையை மட்டும்தான். படித்து முடித்து, புத்தகத்தை மூடி, தட்டைத் தள்ளி வைத்தார்.

"யாருமே தட்டாத கதவா? யார் வீட்டுக் கதவு?"

"அது ஒரு உருவகமுங்க," என்றேன்.

"உருவகமும் மண்ணும். போபோடி வீட்ல ஆறு பேரு ஒரே ரூம்ல கெடந்தோம். அக்காவுக்கு ஒடம்பு சரியில்லாதப்ப நான் ஒருத்தன் எத்தன தரம் படியேறி எறங்கியிருப்பேன்? இப்பவும் ஞாயித்துக்கிழம தவறாம போறேன். அவளுக்கு நாங்க யாருமே இல்லையா? ஊரக் கூட்டி வச்சு எங்க வீட்ட எம்ப்டின்னு எழுதித் தொங்க விடணுமா? சோட் தே யார், விட்டுரு. நான் வரல."

அவர் கோபப்படுவதை நான் பார்த்திருக்கிறேன், காஸ் தீர்ந்ததற்கும் கிரிக்கெட்டுக்கும். இது அது இல்லை. குரல் உடைந்திருந்தது. இருந்தாலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "படைப்பாளியோட சொந்த வாழ்க்கை வேற, படம் வேறங்க" என்று பாடம் எடுத்தேன். அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் மைனிக்குப் போன் செய்து, தம்பி கண்காட்சிக்கு வரமாட்டார் போலிருக்கிறது என்றேன். "அவன் வரலைன்னா நான் எதுக்குட்டி இத மாட்டணும்?" என்றார். மைனி குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. "அவனுக்குத்தான வரைஞ்சேன். அவன் ஒருத்தன் பாத்தாப் போதும்னுதான் இத்தன வருஷம் சுவரப் பாக்க வச்சிருந்தேன். எதுக்காம் வரமாட்டான்?"

"வீட்டைக் காலின்னு சொல்லிட்டீங்கன்னு வருத்தமுங்க மைனி. யாருமே இல்லாத மாதிரி..."

"காலியா? யாருட்டி யாருமே இல்லன்னு சொன்னா?"

"நீங்கதானுங்க. தலைப்பே காலிதானுங்களே."

மைனி சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமினார். "ஏ கோயம்புத்தூர்! காலின்னா கீழட்டி! கீழ! மராத்தில சொன்னேன்!"

ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். இந்தச் சொல்லில் நான் முன்பே ஒரு தடவை வழுக்கியிருக்கிறேன். புனே வந்த புதிதில் ஒரு கட்டடத்தில் டாக்டரைத் தேடிப் போனேன். காவலாளி, "டாக்டர் காலி ஆஹேத்" என்றார். டாக்டர் காலி என்றால் என்ன நினைப்பது? பாவம், போய்ச் சேர்ந்துவிட்டார் போலிருக்கிறது என்று துக்கம் விசாரிக்கிற முகத்தோடு திரும்பி வந்தேன். டாக்டர் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து நோயாளி பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவ்வளவு மூக்குடைபட்டும் புத்தி வரவில்லை. மைனி தமிழில் பேசினார், அதனால் அந்தச் சொல்லும் தமிழ் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வாக்கியத்துக்குள் மூன்று மொழி பேசுகிற வீட்டில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவள் செய்கிற காரியமா இது?

"கட்டுரையைப் படிச்சீங்களே மைனி, எம்ப்டின்னு தலைப்புல போட்டிருந்தேனே, கேட்டிருக்கலாமில்ல?" என்றேன். எனக்குக் கோபம்கூட வந்தது.

"பாத்தேன். அது உன் தியரி போலன்னு விட்டுட்டேன்" என்றார்.

இந்த ஒரு வரி என்னைச் சுட்டமாதிரி வேறு எதுவும் சுட்டதில்லை. நாங்கள் என்ன எழுதினாலும் ஜனங்கள் இப்படித்தான் விட்டுவிடுகிறார்கள் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு மைனி சொன்னார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இடுப்பெலும்பில் நோய். இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டுப் போட்டு, இரண்டாவது மாடி ஜன்னலை ஒட்டிய கட்டிலில் கிடத்திவிட்டார்கள். கீழே சால் முற்றம், வெறும் சிமெண்ட் தரை. தம்பியும் மற்றப் பையன்களும் அங்கேதான் விளையாடுவார்கள். "மேலேருந்து பாத்தா எல்லாப் பயலுவளும் ஒண்ணு போலத்தான் இருப்பானுவ. எவன் எந்தம்பின்னு தெரியாது. அதான் அவன்ட்ட அந்தச் சிவப்புக் குல்லாவப் போடச் சொன்னேன். வெயில்லயும் கழட்ட மாட்டான். தலையெல்லாம் வேர்த்து நாறும். அம்மா அடிப்பா. கழட்ட மாட்டான்." தினமும் சாயங்காலம் ஜன்னலுக்கு நேராக வந்து நின்று அண்ணாந்து கத்துவானாம், "அக்கா, காலி யே!" கீழே வா என்று. இவர் தினமும், "நாளைக்கு வாரேன்ல" என்று சொல்வாராம். கட்டுப் பிரித்து நடக்கப் பழகுவதற்குள் அவன் வளர்ந்துவிட்டான். குல்லாவும் போய்விட்டது, கூப்பிடுவதும் நின்றுவிட்டது.

"அவன் மறந்துருப்பான். ஆம்பளப் பிள்ளைக்கு எங்க ஞாபகம் இருக்கும்?" என்றவர், உடனே குரலை மாற்றினார். "நீ அவன்ட்ட இதச் சொல்லிராத. சொன்னியோ, கொன்னுருவேன். நீ சொல்லி அவன் தெரிஞ்சுக்கிட்டா அது உன் படம். என் படம் இல்ல."

விளக்கிச் சொல்வதை வைத்துச் சோறு தின்கிறவளிடம் வாயை மூடு என்றால் எப்படி இருக்கும்? தவித்துப் போனேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் மத்தியானம் கேலரிக்குத் தனியாகப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், சப்பைக்கட்டுக்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடித்தான் போனேன். ஓவியரின் நோக்கம்தான் கடைசி வார்த்தை என்று நான் ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர் 'கீழே' என்று நினைத்து வரைந்திருக்கலாம், நான் 'வெறுமை' என்று வாசிக்கலாம், இரண்டுக்கும் இடமுண்டு என்று வாதாட எனக்கு ஆயுதங்கள் ஏராளம். முதல் படத்தின் முன்னால் நின்று, பிள்ளைகளிடம் சொல்வதுபோல எனக்கே சொல்லிக்கொண்டேன்: எங்கே, விரலை வைத்துக் காட்டு.

அந்தக் கறுப்பு இழையில் விரலை நீட்டினேன். காயத்திலிருந்து வழிகிறது என்று எழுதியிருந்தேன். முதல் படத்தில் அது குட்டையாக இருந்தது. அடுத்ததில் கொஞ்சம் நீளம். கடைசிப் படத்தில் சாம்பல் முழுக்க நீண்டு கிடந்தது, சாயங்கால வெயிலில் நிழல் நீள்கிற மாதிரி. எந்த வானத்தில் நிழல் விழும்? அப்புறம் எல்லாம் சரசரவென்று புரண்டது. நான் வானம் என்று எழுதியது தரை. பூமி என்று எழுதிய பழுப்புப் பட்டை ஜன்னல் கட்டை. அதில் நகத்தால் கீறினமாதிரி கோடுகள்கூட இருந்தன, படுத்துக்கிடந்த பிள்ளை கீறின கோடுகள். நான் எதையோ நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். இப்போது இரண்டாவது மாடியில் நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கால் கூசியது.

மைனி சொன்னதால் மட்டும் இது படத்துக்குள் வந்துவிடவில்லை. நிழல் முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. நான்தான் தலைப்பைக் கேட்டதும் கோட்பாட்டை எடுத்துக் கவிழ்த்துவிட்டேன். டீ வடிகட்டி மாதிரிதான் அது, தூளைப் பிடிக்க வைத்தால் பாலேட்டையும் பிடித்துக்கொள்ளும். குறை வடிகட்டியிடம் இல்லை. அதில் என்ன தங்கியது என்று ஒரு தடவை நான் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் தோன்றியது, இதை மைனியிடம்கூட நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த முற்றத்தில் தம்பி இருக்கிறான், நிழல் இருக்கிறது, வெயில் இருக்கிறது, மைனி மட்டும் இல்லை. அந்தச் சாம்பல் முழுவதும் அவர் கால் வைக்காத இடம். அது காலி இல்லாமல் வேறு என்ன? என் கட்டுரையில் இரண்டு வரியாவது தேறும்.

மறுநாள் கணவரை எப்படிக் கிளப்புவது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் கை கொடுத்தது பேட்டீஸ்தான். வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கட்கி பேக்கரியிலிருந்து இரண்டு பெரிய பெட்டி பேட்டீஸ் சொல்லியிருந்தேன். சேலையைக் கட்டிக்கொண்டு, "ஏனுங்க, இதையெல்லாம் தூக்கிட்டு நான் ஆட்டோவுல போகணுமாக்கும்?" என்று வாசலில் நின்றேன். கார்ச் சாவியை எடுத்தார். "கதவுகிட்ட எறக்கி வச்சுட்டு வந்துருவேன். உள்ள வர மாட்டேன், சொல்லிட்டேன்." வண்டி கிளம்பியது. எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. குல்லா, குல்லா என்று ஒரு சொல் சொன்னால் போதும். பல்லைக் கடித்துக்கொண்டு போக்குவரத்தைத் திட்டினேன்.

கேலரியில் கூட்டம் சேர்ந்திருந்தது. வாசலில் பெட்டியை வைக்க இடமில்லை. அவர் முனகிக்கொண்டே உள்ளே தூக்கி வந்து ஒரு நாற்காலியில் இறக்கினார். நிமிர்ந்தால் நேர் எதிரே கடைசிப் படம், ஆள் உயரத்துக்கு. பக்கத்தில் மைனி தன் கையாலேயே மராத்தி எழுத்தில் 'காலி' என்று எழுதி ஒட்டிய தலைப்புச் சீட்டு. மைனி அறையின் அந்தக் கோடியில் யாரோடோ பேசுகிறமாதிரி நின்றார். பேசவில்லை என்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

திரும்பப் போன என் கணவர் சீட்டைப் படித்தார். கேலரி அம்மாள் சிரித்த முகத்தோடு ஓடி வந்து அவர் கையில் புத்தகத்தைக் கொடுக்கப் போனார். நான் குறுக்கே பாய்ந்து அதை வாங்கி முந்தானைக்குள் சொருகிக்கொண்டேன். என் கட்டுரையை யாரும் படித்துவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அவர் படத்தின் கிட்டே போனார். சிவப்பைப் பார்த்தார். பின்னால் வந்தார். மறுபடியும் சீட்டைப் பார்த்தார். பிறகு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்க்கிறவர் மாதிரி கழுத்தை முன்னால் நீட்டித் தலையைக் குனிந்தார். நான் கண்ணை இமைக்கவில்லை. அவர் வலது கை மெல்ல மேலே போய், வழுக்கை விழுந்த தன் தலையைத் தொட்டது. அங்கேயே நின்றது.

"அரே," என்றார், யாரிடமும் இல்லாமல். "குல்லா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கக்கூட இல்லை, அழுதேன்.

அவர் திரும்பினார். அந்தக் கோடியில் நின்ற அக்காவைப் பார்த்தார். நடுவில் அத்தனை பேர், கையில் தட்டும் டம்ளருமாக. அவர் கவலைப்படவில்லை. வாய்க்குப் பக்கத்தில் கையைக் குவித்து, தலையை அண்ணாந்து, கேலரி முழுக்கக் கேட்கிறமாதிரி கத்தினார்.

"அக்கா, காலி யே!"

மராத்திக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அறைக்குக் கீழே என்று எதுவுமே இல்லை. மைனி கையிலிருந்த டம்ளரை யாரிடமோ கொடுத்தார். இடது காலைச் சாய்த்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வழியில் யாரையும் பார்க்காமல் அவ்வளவு தூரமும் நடந்து வந்து தம்பி முன்னால் நின்றார்.

"கத்தாதல," என்றார். "வந்துட்டேம்லா."